பானைக்குள் இருநூறு சந்தை

முதலாளி இருந்தார். மில்லில் ஒரே நாற்காலி. அதில் அவர்.

மாப்பிள்ளை இருந்தான். என் தங்கச்சி புருசன். மிளகாய் மிஷினை ஓட்டுகிறவன். மூக்கைச் சுற்றி எப்போதும் துண்டு கட்டியிருப்பான். அன்று மிஷின் ஓடவில்லை. ஆனாலும் கட்டியிருந்தான்.

புள்ளி சார் இருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். சர்க்காரில் புள்ளிவிவரம் எடுக்கிற உத்தியோகம். மில்லுக்குப் பின்னால் இருந்த அறையில் குடியிருந்தார். வந்த புதிதில் பெரும்புள்ளி என்று நினைத்து இரண்டு பேர் மனு கொடுத்தார்கள். அவர் மனுவை வாசித்துவிட்டு, அவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். பிறகு யாரும் மனு கொடுக்கவில்லை.

பணியாரக்கார மதினி இருந்தார். எதிர்வரிசையில் பணியாரம் சுட்டு விற்கிறவர். அடுப்பை அணைத்ததும் எங்கள் மில் நிழலுக்கு வந்துவிடுவார். மில்லால் அவருக்கு வேறு காரியம் கிடையாது. மாவு வீட்டு ஆட்டுரலில் ஆட்டுவார்.

நான் இருந்தேன். மாவு மிஷின் ஓட்டுகிறவன்.

கரண்டு இல்லை. அது எழுபதுகளில் எல்லா நாளும் நடந்த விஷயம். திருச்சுழியில் கரண்டு போனால் எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மட்டும் வந்துவிடுமா.

மில்லில் இரண்டு மிஷின். ஒன்று கம்பு, கேப்பை, சோளம், அரிசிக்கு. இன்னொன்று மிளகாய்க்கும் மல்லிக்கும். முதலாளியின் தம்பி பரளச்சியில் புதிதாக மில் போட்டிருந்தார். மிளகாய் மிஷினைக் கேட்டார். முதலாளிக்குக் கொடுக்க ஆசை.

"மழையில்லாத காட்டுல மொளகாய் எவன் வீட்டுல மூட்டையா இருக்கு? ஒரே மிஷின்ல ரெண்டையும் அரைச்சுக்கிடலாம்" என்றார்.

மிஷின் போனால் மாப்பிள்ளையும் அதோடு போக வேண்டும். மாப்பிள்ளை போனால் தங்கச்சி போக வேண்டும். பரளச்சியில்தான் அவள் மாமியார் இருந்தாள். இரண்டு பேருக்கும் கல்யாணப் பந்தலிலேயே முட்டிக்கொண்டது. அந்த வீட்டில் தங்கச்சி இரண்டு வருசம் இருந்தாள். திரும்பி வந்தபோது வளையல் முழங்கை வரை ஏறியது. திருச்சுழிக்கு வந்த பிறகுதான் உடம்பில் கொஞ்சம் சதை வைத்தது.

"மறுபடி அங்க போனா நான் தாங்கமாட்டேன்ணே" என்றாள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சோறு அவள் வீட்டில்.

ஒரே மிஷினில் இரண்டையும் அரைப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மிளகாய் அரைத்த பிறகு தவிட்டைப் போட்டு ஓட்டிக் கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும். முன்பு ஒரு தடவை மிளகாய் மிஷினின் பெல்ட் அறுந்தபோது மாவு மிஷினிலேயே மிளகாயையும் அரைத்தோம். அவசரத்தில் தவிடு போட மறந்தாயிற்று. அடுத்த டின் வாத்தியார் வீட்டுக் கேப்பை. மறுநாள் வாத்தியாரே வந்தார். பேசவில்லை. டின்னைக் காட்டினார். வாயைக் காட்டினார். போய்விட்டார்.

சந்தை நாளில் சுற்றுப்பட்டிப் பெண்கள் காலை பஸ்ஸில் டின்னோடு வருவார்கள். எங்களிடம் டின்னைப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போவார்கள். மத்தியானம் கடைசி பஸ். அதற்குள் அரைபட வேண்டும். அரைபடாவிட்டால் அடுத்த சந்தைக்கு வேறு மில்.

"மூணு டின்னு நின்னா சமாளிச்சிருவேன்" என்றார் முதலாளி. "நாலு நின்னா நாலு வாயி. ஊரையே வித்துரும்."

அதனால் நாலு டின் நின்ற நாள் கெட்ட நாள். இது முதலாளி வைத்த கணக்கு.

மிளகாய் மிஷினை ஒரு மாதம் மூடிப் பார்க்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை.

"மூடிப் பாத்து, தப்பாப் போச்சுன்னா? போன பொம்பளைக திரும்பி வருவாகளா?" என்றார் மதினி.

அப்போதுதான் புள்ளி சார் வாயைத் திறந்தார்.

"மிஷினை மூட வேண்டாம் அண்ணாச்சி. சந்தையைப் பானைக்குள்ள போட்டு ஓட்டிப் பார்த்துடலாம்."

மெட்ராஸில் பயிற்சிக்குப் போனபோது படித்தாராம். நிஜத்தில் செய்து பார்க்க முடியாததை, சீட்டு எடுத்துச் செய்து பார்ப்பது. அறையிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார். முழுவதும் எண்கள். முதலாளி புரட்டினார்.

"இதுல என்ன இருக்கு சார்?"

"ஒழுங்கே இல்லாத எண்கள்."

"ஒழுங்கில்லாததுக்கு ஒரு பொஸ்தகமா?"

"எங்க வீட்லயும் ஒருத்தர் இருக்காக" என்றார் மதினி. "ஒரு ஒழுங்கும் கிடையாது. அவுகளையும் கொண்டுபோயி அச்சடிங்க சார்."

எவனோ அச்சடித்த எண்ணில் தன் மில் ஓடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். கண் முன்னால் நடக்க வேண்டுமாம். அதனால் மண்பானை.

முதலில் நிஜச் சந்தையை எண்ண வேண்டும் என்றார் சார். மாவு எத்தனை, மிளகாய் எத்தனை, எவ்வளவு நேரத்துக்கு ஒருத்தி வருகிறாள். அந்த வேலை எனக்கு. நான் வாசலில் நின்றேன். மாவுக்கு ஒரு கறுப்புக் கல், மிளகாய்க்கு ஒரு சிவப்புக் கல் என்று மடியில் போட்டேன். ஒரு அம்மா பார்த்துவிட்டார்.

"ஏலே, என் டின்னைப் பாத்து என்னத்துக்குலே கல்லை எடுத்து முடியுறே?"

கண்ணு வைக்கிறான் என்று பேச்சு பரவியது. செய்வினை என்றும் பரவியது. அடுத்த சந்தைக்குக் கூட்டம் பாதி. வந்தவர்களும் டின்னைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு வந்தார்கள்.

"எண்ணுறதைப் பார்த்துக் குறைஞ்ச கூட்டம் உங்க கூட்டம் இல்லை" என்றார் சார். அந்த எண்ணிக்கையைச் சேர்க்கவில்லை. பிறகு நான் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணினேன். வந்தது டின் என்று மட்டும் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை. அது போதுமாம்.

சிமெண்டுத் தரையில் சார் சாக்பீஸால் கட்டம் போட்டார். ஒரு கட்டம் பத்து நிமிசம். மில் திறப்பதிலிருந்து கடைசி பஸ் வரை கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் பானையில் கை விட வேண்டும். வருவது மாவா, மிளகாயா, ஆளே இல்லையா என்று பார்க்க வேண்டும். மேலே ஒரு வரிசை, மில்லில் ஒரே மிஷின் இருந்தால். கீழே ஒரு வரிசை, இப்போதுபோல் இரண்டும் இருந்தால். எடுத்த சீட்டு இரண்டு வரிசைக்கும் பொது. மேல் வரிசையில் தவிடு ஓட்டுகிற நேரத்துக்கும் கட்டம் போகும்.

"ஒரே பொம்பளை ரெண்டு எடத்துல எப்படி சார் நிப்பா?" என்றார் முதலாளி.

"நிஜத்துல முடியாது. அதனாலதான் பானை. வேற வேற கூட்டத்தை விட்டா, வித்தியாசம் மிஷினால வந்ததா கூட்டத்தால வந்ததான்னு தெரியாது."

இது எனக்குப் புரிந்தது. இரண்டு மருமகளை ஒப்பிட வேண்டுமானால் ஒரே மாமியாரிடம் விட வேண்டும்.

சீட்டுக்கு முதலில் புளியங்கொட்டை போட்டோம். தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் தேய்த்தது மிளகாய். இரண்டு பக்கமும் தேய்த்தது ஆளில்லை. தேய்க்காதது மாவு. மாப்பிள்ளை எடுத்தான். மிளகாய் வந்தது. மறுபடி மிளகாய். மறுபடியும் மிளகாய். பஸ் வருவதற்குள் மேல் வரிசையில் டின் வாசல் தாண்டி நின்றது.

"என்னப்பா, ஊருக்கே ஊறுகாய் போடுதாகளா?" என்றார் முதலாளி.

மதினி சிரித்தார். "தேச்ச பக்கம் வெரலுக்குத் தெரியாதா மொதலாளி? தாயத்துல இவர் எப்படி ஜெயிக்காருன்னு இன்னைக்குத்தான் வெளங்குது."

மாப்பிள்ளை துண்டை இன்னும் மேலே ஏற்றிக் கட்டினான். கண்ணும் மறைந்தது.

கொட்டையைக் கொட்டிவிட்டோம். பழைய பஸ் டிக்கெட்டுகளை ஒரே அளவில் வெட்டி, உள்ளே எழுதி, சுருட்டிப் போட்டோம். கண்டக்டர் ஒருவர் கை நிறையக் கொடுத்தார். எடுத்த சுருளைத் திரும்பப் பானையில் போட்டுக் குலுக்க வேண்டும் என்றார் சார். மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை.

"வந்துட்டுப் போன பொம்பளை அன்னைக்கே மறுபடி எப்படி சார் வருவா?"

"அது பொம்பளை இல்லை. வர்ற சாத்தியம்."

"சாத்தியம்னு எழுதலையே, மாவுன்னுல எழுதியிருக்கு."

கடைசியில் திரும்பப் போட்டான். நம்பிப் போடவில்லை. சொன்னதற்காகப் போட்டான்.

சார் கிராமக் கணக்குக்கு வெளியூர் போய்விட்டார். முதலாளி, நானே எடுக்கிறேன் என்று உட்கார்ந்தார். கரண்டு போகும்போதெல்லாம் சந்தை ஓடியது. சார் திரும்பியபோது நாற்பது சந்தை முடிந்திருந்தது. கெட்ட நாள் நான்கு.

"பத்துக்கு ஒண்ணு. இதுக்குப் போயி ஒரு மிஷினா? பரளச்சிக்கு வண்டி பேசிரலாம்" என்றார் முதலாளி.

அன்று தங்கச்சி வீட்டில் ரசம் மட்டும்தான். நான் சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை மாப்பிள்ளை சொல்லியிருப்பான்.

சார் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"நாப்பது நாள்ல ஒரு நாள்கூட முதல் ஆள் மிளகாய் இல்லையே அண்ணாச்சி?"

"எப்படி இருக்கும்? தள்ளிட்டேன்ல."

"எதைத் தள்ளினீங்க?"

"மொதச் சீட்டே மொளகாயா வந்த நாளை. மொதப் போணி மொளகாயில ஆனா அந்த நாள் உருப்படுமா? அப்படி வந்தா அந்த நாளையே விட்டுட்டு அடுத்த நாளுக்குப் போயிருவேன்."

"எத்தனை நாள் விட்டீங்க?"

"விட்டதை எவன் எண்ணுவான்?"

சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். "நிஜத்துல முதல்ல மிளகாய்க்காரி வந்தா என்ன செய்வீங்க?" என்றார்.

"நிக்க வச்சிருவேன். மாவுக்காரி ஒருத்தி வந்து போணியாகிற வரைக்கும் சுவிச்சே போடமாட்டேன். வெத்தலை வேணும்னா கொடுப்பேன்."

சார் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். எல்லா மில்லிலும் அப்படித்தான். இதையெல்லாம் யாராவது சொல்வார்களா? சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்வதுபோல.

"இது என் கட்டத்துல இல்லையே" என்றார் சார். "நீங்க தள்ளினதும் தப்பு. நான் கேட்காம கட்டம் போட்டதும் தப்பு. அந்த நாளை எடுத்து எறியக் கூடாது. நிஜத்துல நடக்கிற மாதிரி மிஷினைச் சும்மா நிறுத்தி வைக்கணும். மாவு வர்ற வரைக்கும்."

"அப்ப மேல் வரிசையில டின்னு சேந்துருமே."

"சேரும்."

"போணி பாக்காம ஓட்டினா?"

"அது உங்க மில்லு இல்லை. வேற ஒருத்தர் மில்லு. போணியை விடுறீங்களா?"

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அப்பாரு காலத்துல இருந்து வர்றது சார். மிஷினை வேணா விடுவேன்."

சரி என்று புதிதாகக் கட்டம் போட்டோம். இந்த முறை சார் கண்டிப்பாக இருந்தார். ஓட்டும் முன்பே எல்லாம் பேசி முடிக்க வேண்டும் என்றார். எத்தனை சந்தை, எதைக் கெட்ட நாள் என்பது, எத்தனை கெட்டால் என்ன முடிவு. ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசினால் அவரவர் வாய்க்கு வந்தபடி பேசுவார்களாம். மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தான். முதலாளியும் வேறு பக்கம் பார்த்தார்.

"நாலு சந்தைக்கு ஒண்ணு கெட்டா பொறுத்துக்கிடுவேன். அதுக்கு மேல தாங்காது" என்றார் முதலாளி.

"இருநூறு சந்தை ஓட்டுவோம். நாலுக்கு ஒண்ணுன்னா அம்பது. ஆனா பானை ஒரே மாதிரி இருந்தாலும் சீட்டு கொஞ்சம் அங்க இங்க ஆடும். பன்னெண்டு கூடலாம், பன்னெண்டு குறையலாம். அறுபத்திரண்டைத் தாண்டினா மிஷின் இங்கேயே. முப்பத்தெட்டுக்குக் கீழே போனா பரளச்சி. நடுவுல வந்தா தெரியலைன்னு ஒத்துக்கிட்டு இன்னும் ஓட்டணும்."

"படிச்சவுக தெரியலைன்னு சொல்றதுக்குக்கூட எடம் ஒதுக்குறாக பாரு" என்றார் மதினி.

சுவரில் எழுதினோம். அறுபத்திரண்டு. முப்பத்தெட்டு. இருநூறு.

யார் எடுப்பது? முதலாளிக்கு மிஷின் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு இருக்க வேண்டும். எனக்கும்தான். சார் அவருடைய கட்டம் ஜெயிக்க வேண்டும் என்று இருக்கிறார் என்று முதலாளி சொன்னார். எல்லோரும் மதினியைப் பார்த்தோம்.

"எனக்கு உங்க மில்லு இருந்தா என்ன, இடிஞ்சா என்ன" என்றார் மதினி. "நெழலு மட்டும் இருந்தா போதும்."

அதைவிடத் தகுதி வேறு என்ன வேண்டும். கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

"புள்ளி வைக்கிற உத்தியோகம்தானே சார்? நானும் தெனம் வாசல்ல வைக்கேன்" என்றார்.

மேல் வரிசையில் கெட்ட நாளுக்கு ஒரு கோடு. மில்லின் உள்சுவரில் போட்டோம். சார் அதைச் சாக்கால் மூடிவிட்டார். இருநூறு முடியும் வரை யாரும் எண்ணக் கூடாது. பாதியில் எண்ணினால், பிடித்த இடத்தில் நிறுத்தச் சொல்வீர்கள் என்றார். சாக்கைத் தூக்கிக் கோடு போடுவது என் வேலை. நான் போட்டேன். எண்ணவில்லை. எண்ண வேண்டாம் என்றால் எண்ணமாட்டேன்.

ஒரு சந்தை ஓட இரண்டு பீடி நேரம் ஆனது. கரண்டு இல்லாதபோது பானைச் சந்தை. கரண்டு வந்தால் நிஜச் சந்தை. நடுவில் கரண்டு வந்தால் பெண்கள் டின்னோடு உள்ளே வந்து கட்டத்தை மிதிப்பார்கள்.

"ஆத்தா, ஒதுங்கி வா. அங்க ஒருத்தி நிக்கா" என்று முதலாளியே கத்தினார். அந்த அம்மா வெறும் தரையைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். டின்னை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

ஒருநாள் பானையை வாசலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து ஐந்து சந்தை ஓட்டினோம். அப்புறம்தான் வாசலில் ஒரு வெள்ளாடு பஸ் டிக்கெட்டை மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தோம். பானையைக் கவிழ்த்து எண்ணினோம். மாவு ஒன்பது குறைந்தது. மிளகாய் குறையவில்லை.

"ஆட்டுக்குக்கூட தெரிஞ்சிருக்கு" என்றார் மதினி.

சார் சுருள்களை நிரப்பினார். அந்த ஐந்து சந்தையையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓட்டச் சொன்னார். அதில் கோடு விழுந்த நாளும் உண்டு, விழாத நாளும் உண்டு. ஐந்தையும் அழித்தார். முதலாளிக்குக் கோபம் வந்தது.

"நான் தள்ளினா தப்பு. ஆட்டுக்காகத் தள்ளினா சரியா?"

"நீங்க வந்த சீட்டைப் பார்த்துத் தள்ளினீங்க. இது பானையில இருந்த கோளாறு. சீட்டு எப்படி வந்திருந்தாலும் தள்ளியிருப்பேன்."

முதலாளி ஆட்டைப் பார்த்தார். ஆடு மென்றுகொண்டிருந்தது.

கீழ் வரிசைக்கு சார் தனியாகக் கோடு போட்டார். அதை மூடவில்லை. மில் இப்போது இருக்கிற மாதிரி, இரண்டு மிஷின். அது நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத்தானாம். இருபது சந்தைக்கு ஒன்று கெட்டது.

"நெசமாவே அப்படித்தான்" என்றார் முதலாளி. "தீவாளிக்கு முன்னால ஒண்ணு, பொங்கலுக்கு முன்னால ஒண்ணு." அதிலிருந்து அவருக்குப் பானைமேல் பயம் வந்துவிட்டது.

தங்கச்சி தினமும் கேட்டாள்.

"எத்தனைண்ணே?"

"சாக்குப் போட்டு மூடியிருக்கு."

"கோடு போடறது நீதானே?"

"போடறேன். எண்ணலை."

"மூஞ்சியைப் பாத்தாவது கண்டுபிடிக்கலாம்னா, உன் மூஞ்சி என்னைக்கு எதைச் சொல்லுச்சு?"

சோற்றைப் போட்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை நின்றாள். அதற்குள் முதலாளியின் தம்பி பரளச்சியிலிருந்து வண்டியோடு ஒருமுறை வந்துபோனார். மிஷினைத் தட்டிப் பார்த்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். மாப்பிள்ளையிடம், "ஆத்தா உன்னைய எதிர்பாத்துக்கிட்டே இருக்காக" என்றார். மாப்பிள்ளை துண்டை அவிழ்க்கவில்லை.

இருநூறாவது சந்தை ஒரு சாயங்காலம் முடிந்தது. மதினி கையை உதறிவிட்டு எழுந்தார்.

"பொம்பளைக எல்லாம் பஸ் ஏறியாச்சு. சாக்கை எடுங்க."

சாக்கை எடுத்தோம். சுவர் முழுக்கக் கோடு. ஐந்து ஐந்தாகக் கட்டியிருந்தது. எதிர்ச் சுவரில் நாங்கள் எழுதின அறுபத்திரண்டும் முப்பத்தெட்டும் இருந்தன. சார், மூன்று பேர் தனித்தனியாக எண்ண வேண்டும் என்றார். ஒருவர் எண்ணியதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது.

முதலாளி எண்ணினார். விரலைச் சுவரில் வைத்து எண்ணினார். முடித்து நாற்காலிக்குப் போனார். வெற்றிலையை எடுத்தார். போடவில்லை.

மாப்பிள்ளை எண்ணினான். முதன்முதலாகத் துண்டை அவிழ்த்தான். ஆனால் அவன் முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

தங்கச்சி எப்போது வந்தாள் என்று தெரியாது. வாசலில் நின்றாள். பிள்ளை தூங்கிவிட்டது.

"நீங்க எண்ணுங்க" என்றார் சார்.

நான் இடது ஓரத்திலிருந்து எண்ணினேன். சந்தேகமாக இருந்தது. வலது ஓரத்திலிருந்து மறுபடி எண்ணினேன். இரண்டும் ஒன்றாக இருந்தது.

"எத்தனைண்ணே?" என்றாள்.

எழுபத்து மூன்று.